வளைகூரை கற்பித்த கொத்தர்கள்

கட்டடக் கல்வியின் வரலாறு பெரும்பாலும் கல்லூரிகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வருகிறது. பட்டம் பெற்றோர் பெயர்களும் அவர்தம் நூல்களும் அதில் நிரம்பியுள்ளன. கொத்தன் ஒருவன் தன் மகனுக்கோ மருமகனுக்கோ சுவர்மேல் நின்று கற்பித்த பாடத்திற்கு அவ்வரலாற்றில் இடமில்லை. இன்று பசுமைக் கட்டடம் என்றும் சூழலுக்கு இசைந்த வடிவமைப்பு என்றும் பாடத்திட்டங்களில் ஏறியுள்ள துறையின் ஆணிவேர்களுள் ஒன்றோ அத்தகைய பாடத்திலேயே ஊன்றி நிற்கிறது. எகிப்து நாட்டின் ஹசன் ஃபாத்தி (1900–1989) என்னும் கட்டடக்கலை அறிஞரின் வாழ்க்கை இதற்குத் தக்க சான்றாகும்.

மரமில்லாக் கூரை

ஃபாத்தி கெய்ரோவில் பயின்று 1926இல் பட்டம் பெற்றவர். அக்காலத்து எகிப்தியக் கல்வி ஐரோப்பியக் கட்டடங்களையே முன்மாதிரியாகக் கொண்டிருந்தது. நைல் நதிக்கரை உழவர்கள் காலங்காலமாக அறுத்து வந்த பச்சைச் செங்கல், அதாவது வைக்கோல் கலந்து வெயிலில் உலர்த்திய சுடாத மண்கல், பாடப்பொருளாகக் கருதப்படவில்லை. மலிவான அக்கல்லைக் கொண்டே உழவர்க்கு நல்ல வீடுகள் கட்டலாம் என்று ஃபாத்தி எண்ணினார். சுவர் எழுப்புவது எளிதாக இருந்தது, கூரையே இடர்ப்பாடாயிற்று. இரண்டாம் உலகப்போர் மூண்டதும் மரமும் இரும்பும் கிடைப்பது அரிதாகிவிட்டது. மரமின்றிக் கூரையிட வேண்டுமாயின் மண்கல்லையே வளைத்து மூட வேண்டும். அவ்வாறு கட்டிப் பார்த்த வளைவுகள் சரிந்து விழுந்தன. வளைவு முடிந்து கல் இறுகும்வரை அடியில் தாங்கிநிற்க, நம் கொத்தனார்கள் ‘சென்டரிங்’ என்று சொல்லும் மரத்தாங்கல் தேவை. அதற்கும் மரம் வேண்டுமே!

அசுவான் அணைப் பணியில் பொறுப்பிலிருந்த அவருடைய தமையனார் ஒரு செய்தி சொன்னார். தெற்கே நூபியர்கள் எவ்விதத் தாங்கலுமின்றி வளைகூரை அமைக்கிறார்கள் என்பதே அது. 1941இல் மாணவர்களுடன் அசுவான் சென்ற ஃபாத்தி, அத்தகைய வீடுகள் நிறைந்த ஊரையே கண்டார். கொத்தர்களையும் தேடிக் கண்டடைந்தார். மேற்குத் தெபெசில் இரண்டாம் ராமசேசு மன்னனின் கோவிலை ஒட்டியுள்ள மண்கல் களஞ்சியங்களும் இதே முறையில் கட்டப்பட்டவை. அவற்றின் வயது ஏறத்தாழ 3,200 ஆண்டுகள். கல்லூரி மறந்ததைக் கொத்தர் குடும்பங்கள் அத்தனை காலம் மறவாது வைத்திருந்தன என்பது வியந்து போற்றத்தக்கது.

கொத்தரின் பாடம்

அம்முறையின் நுட்பத்தைச் சற்று விரிவாகக் காண்பது பொருந்தும். அறையின் ஒருபக்கச் சுவரை முதலில் உயர்த்திக் கட்டுவர். இரு கொத்தர்கள் அதன்மேல் மண்சாந்தை அப்பி, கண்ணளவாகவே ஒரு வளைவை உருவாக்கி, வாய்ச்சியால் செதுக்கி நேர் செய்வர். அளவுகோலோ வரைபடமோ இல்லை. பின்னர் முதல் வரிசைக் கற்களை அச்சுவரில் சாய்த்து ஒட்டுவர். அடுத்த வரிசை அதன்மேல் சாயும். ஒவ்வொரு வரிசையும் முன்னதன்மேல் சாய்ந்து நிற்பதால் விழுவதில்லை. எனவே தாங்கலுக்குத் தேவையுமில்லை. கூரைக்குரிய கல்லில் வைக்கோல் மிகுதி. ஆதலின் எடை குறைவு. ஈரத்திலேயே விரலால் கீறிய இரு பள்ளங்கள் அதன் முகத்தில் இருக்கும். சாந்து உறிஞ்சிப் பற்றிக்கொள்ள அவை துணைபுரிகின்றன. மூன்று மீட்டருக்கு நான்கு மீட்டர் அளவுள்ள அறைக்கு இருவர் ஒன்றரை நாளில் கூரையிட்டு முடித்தனர் என்று ஃபாத்தி பதிவு செய்துள்ளார்.

கண்ணளவாகச் செதுக்கிய அவ்வளைவு, பொறியியலார் கணக்கிட்டுப் பெறும் பரவளைவுக்கு ஒப்பானது என்பதே இங்குச் சிறப்பு. அவ்வடிவில் மண்கல்லின்மேல் அமுக்கம் மட்டுமே விழும், இழுவை விழுவதில்லை. மண்கல் அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. சூத்திரம் அறியாதவர் கை அதன் விடையை அறிந்திருந்தது.

புதிய குர்னா

லக்சோருக்கு எதிர்க்கரையில் பண்டைய கல்லறைகளின்மேல் குடியிருந்த குர்னா மக்களை வேறிடத்தில் குடியேற்ற அரசு முடிவு செய்தது. ஏறத்தாழ 7,000 பேருக்கான அப்புதிய ஊரை அமைக்கும் பணி 1945இல் ஃபாத்தியிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் அசுவானிலிருந்து கொத்தர்களை வருவித்தார். உள்ளூர் இளைஞர்கள் அவர்களிடம் பணியிடத்திலேயே பயின்றனர். வேலையே வகுப்பறை என்னும் இக்கொள்கையைத் தம் நூலில் அவர் வற்புறுத்தி எழுதியுள்ளார்.

ஊரோ முற்றுப்பெறவில்லை. கல்லறைகளே தம் பிழைப்பாக இருந்த மக்கள் குடிபெயர மறுத்தனர். அலுவலகத் தடைகளும் கூடின. சில ஆண்டுகளில் பணி நின்றது. குவிமாடம் சமாதிக்குரியது என்னும் எண்ணமும் மக்கள் விலகியதற்கு ஒரு காரணம் எனத் திறனாய்வாளர் கூறுவர். ஃபாத்தி அவர்கள் மனத்தைப் போதிய அளவு கேட்டறியவில்லை என்னும் குற்றச்சாட்டையும் எளிதில் ஒதுக்கிவிட இயலாது. ஆயினும் புதிய குர்னாவைத் தோல்வி என்று முடிப்போர் ஊரை மட்டும் கண்டனரேயன்றி, அங்கு நடந்த கல்வியைக் காணவில்லை.

நைல் கரையிலிருந்து செம்மண் நிலத்திற்கு

ஃபாத்தியின் நூல் 1973இல் அமெரிக்காவில் ஆங்கிலத்தில் வெளிவந்து பல நாட்டு மாணவரை ஈர்த்தது. சாய்வின் அளவையும் சாந்தின் பதத்தையும் அச்சிட்ட பக்கம் எவ்வளவுதான் கற்பிக்கும்? இதை உணர்ந்து 2000ஆம் ஆண்டில் பிரெஞ்சுக் கொத்தர் ஒருவரும் புர்க்கினா ஃபாசோ நாட்டு உழவர் ஒருவரும் இணைந்து தொடங்கிய அமைப்பு, உழவரையே கொத்தராகப் பயிற்றியது. மரம் அருகிவரும் அந்நாட்டில் மழைக்காலத்தில் உழுதவர் கோடையில் நூபிய வளைகூரை கட்டினர். கற்றவர் பிறர்க்குக் கற்பித்தனர்.

தமிழ் மண்ணிலும் இம்மரபு வந்தூன்றியது. புதுச்சேரியை அடுத்த ஆரோவில்லில் இந்திய அரசின் வீட்டுவசதி நிறுவனமான ஹட்கோவின் துணையுடன் 1989இல் தோன்றிய மண்கட்டட மையம், பின்னாளில் ஆரோவில் மண் கட்டடக் கழகம் ஆயிற்று. செம்மண்ணுடன் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில் சிமென்டு சேர்த்து அழுத்திய, சூளை காணாத கற்களைச் செய்யவும், நூபிய முறையை வளர்த்தெடுத்து வளைகூரையும் குவிமாடமும் அமைக்கவும் அங்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. கணக்கும் உண்டு, கையில் மண்ணும் உண்டு. அம்முயற்சியின் வழிவந்த ஆரோவில் வருகையாளர் மையத்திற்கு 1992இல் கிடைத்த பரிசு ஹசன் ஃபாத்தியின் பெயரால் அமைந்ததாகும்.

தாங்கலின்றிக் கல்லடுக்கும் கலை தமிழகத்திற்கு அயலானதன்று. ‘மெட்ராஸ் டெரஸ்’ எனப்பட்ட மாடிக்கூரையில், தேக்குக் கட்டைகளின்மேல் மெல்லிய செங்கற்களை நெட்டாக நிறுத்தி, மூலைவாட்டில் ஒன்றன்மேல் ஒன்று ஒட்ட வைத்துச் சுண்ணச்சாந்தால் பிணைத்தனர். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் தெளித்துப் பெண்கள் மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்கினர். கான்கிரீட் வந்தபின் அக்கொத்தர்களிடம் மாணவரை அழைத்துச் சென்ற ஃபாத்தி ஒருவர் நமக்கு வாய்க்கவில்லை. பழைய வீடுகளையும் அலுவலகங்களையும் செப்பனிட முனைவோர் இன்று அக்கூரையைப் போடத் தெரிந்த முதிய கொத்தனாரைத் தேடி ஊர் ஊராய் விசாரிக்கின்றனர்.