துப்பட்டி இறங்கிய கூரை
அத்தியாயம் 6: “நான் பரங்கி அல்ல!”

சென்ற வாரம் பேதுருவைப் பசியோடு கூரைமேல் விட்டுவிட்டு வந்தோம்.

யோப்பா பட்டணம். கடலோரம். உச்சி வெயில். கீழே சமையல் நடக்கிறது. அவர் தங்கியிருந்தது தோல் பதனிடும் சீமோனின் வீட்டில். செத்த விலங்கைத் தொட்டுச் செய்யும் தொழில் என்பதால் ஆசாரமான யூதர்கள் எட்டி நிற்கும் இடம் அது. தாராவியின் தோல் கிடங்குகளைக் கடந்து போயிருக்கும் நம்மவர்களுக்கு அந்த வீட்டு வாடையை விளக்க வேண்டியதில்லை. துப்பட்டி வானத்திலிருந்து இறங்குவதற்கு முன்பே பேதுருவின் ஆசாரத்தில் ஒரு கிழிசல் விழுந்துவிட்டது என்பது என் எண்ணம். தோல்காரன் வீட்டில் படுத்து எழுகிறவர் பாதி தூரம் வந்துவிட்டவர்தானே!

பசியோடு இருந்தவருக்கு ஒரு தரிசனம்: நாலு முனையும் கட்டிய ஒரு துப்பட்டி வானத்திலிருந்து இறங்குகிறது. அதற்குள் நாலுகால் பிராணிகள், ஊர்வன, பறவைகள். எழுந்து அடித்துச் சாப்பிடச் சொன்னது ஒரு குரல். தீட்டான எதையும் இதுவரை வாயில் வைத்ததில்லை என்று மறுத்தார் பேதுரு. கடவுள் சுத்தமாக்கியதைத் தீட்டு என்று சொல்லாதே என்றது குரல். இப்படி மூன்று முறை. பிறகு துப்பட்டி மேலே போய்விட்டது. அவர் விழித்துக்கொண்டு நிற்கும்போதே வாசலில் மூன்று பேர் அவர் பெயரைச் சொல்லி விசாரித்தார்கள்.

அவர்களை அனுப்பியவர் கொர்நேலியு. செசரியாவிலிருந்த ரோமப் படையின் நூற்றுக்கு அதிபதி. கடவுளுக்குப் பயந்தவர், தானதர்மம் செய்கிறவர், ஆனால் யூதர் அல்ல. பேதுரு வந்தவர்களை அன்றிரவு அங்கேயே தங்கவைத்து, மறுநாள் அவர்களோடு வடக்கே புறப்பட்டார். சுமார் 50 கிலோமீட்டர். அந்நியன் வீட்டுப் படியை ஏறியபோதுதான் அவருக்குப் புரிந்தது: துப்பட்டிக்குள் இருந்தவை விலங்குகள் மட்டும் அல்ல, மனிதர்கள். கொர்நேலியுவும் கூடியிருந்த உறவுக்காரர்களும் ஞானஸ்நானம் பெற்றார்கள்.

எருசலேமுக்குத் திரும்பியதும் அங்கிருந்த யூதக் கிறிஸ்தவர்கள் பேதுருவைச் சுற்றி நின்று கேட்டார்களே, அது ஞானஸ்நானத்தைப் பற்றிய கேள்வி அல்ல. விருத்தசேதனம் இல்லாதவர்கள் வீட்டுக்குப் போய், அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாராமே என்றுதான் கேட்டார்கள். சண்டை வந்தது பந்தியில்! கி.பி. 49 வாக்கில் எருசலேமில் கூடிய சங்கம், கிறிஸ்தவனாக வருகிறவன் முதலில் யூதனாக மாற வேண்டியதில்லை என்று முடிவு செய்தது. விக்கிரகங்களுக்குப் படைத்தது, இரத்தம், நெரித்துக் கொன்றதன் இறைச்சி, வேசித்தனம் ஆகியவற்றை விலக்கினால் போதும் என்றார்கள். அத்தோடு முடிந்ததா? அந்தியோகியாவில் பிற இனத்தாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த அதே பேதுரு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் பந்தியை விட்டு ஒதுங்கினார். பவுல் அவரை முகத்துக்கு நேரே கண்டித்தார். தரிசனம் கண்டவருக்கே தட்டைத் தள்ளி வைக்கத் தோன்றியது.

இனி, ஒரு பெரும் தாண்டல். ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் கழித்து, நம் விக்ரோலி இருக்கும் இந்த சாஷ்டித் தீவுக்கு வாருங்கள்.

1534-இல் குஜராத் சுல்தான் பகதூர் ஷாவிடமிருந்து வசாயும் அதைச் சேர்ந்த தீவுகளும் போர்த்துகீசியர் கைக்குப் போயின. பிரான்சிஸ்கன் துறவிகளும் இயேசு சபையினரும் வந்தார்கள். ஊர் ஊராக ஞானஸ்நானம். டிசோசா, டிமெல்லோ, பெரெய்ரா என்று பெயர்கள் ஒட்டின. இன்று ‘ஈஸ்ட் இந்தியன்’ என்று தங்களை அழைத்துக்கொள்ளும் மும்பையின் பழங்குடி மக்களின் முன்னோர்கள் இவர்கள். போர்த்துகீசியப் பெயரை ஏற்ற அவர்கள் மராத்தியை விடவில்லை, பெண்கள் லுக்டா சேலையை விடவில்லை. அதே காலத்தில் தெற்கே முத்துக்குளித்துறையில் 1530-களில் பரதவர் கூட்டம் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றார்கள். பர்னாந்து, ரொட்ரிகோ, மச்சாது ஆனார்கள். விக்ரோலியின் ஒரு சாலில் தூத்துக்குடி பர்னாந்துவும் வசாய்க்காரர் பெர்னாண்டசும் அடுத்தடுத்த கதவுக்காரர்களாக இருந்தால், இருவர் பெயருக்கும் மூலம் ஒரே கப்பல் கூட்டம்தான்.

எருசலேமின் பழைய கேள்வி வேறு வேஷத்தில் வந்துவிட்டது. கிறிஸ்தவனாவதற்கு முதலில் போர்த்துகீசியனாக வேண்டுமா? கோவா கிட்டத்தட்ட ஆம் என்றது. பின்னாளில், 1736-இல், அங்கிருந்த புனித விசாரணை மன்றம் போட்ட ஆணையைப் பார்த்தால் அந்த மனம் எவ்வளவு தூரம் போகும் என்று தெரியும். கிறிஸ்தவர்கள் வீட்டில் துளசி வளர்க்கக் கூடாது. இந்துக்களைப் போல உப்பில்லாமல் சோறு வடிக்கக் கூடாது! பேதுருவிடம் எதையும் தின்னச் சொன்ன மதம், சோற்றுப் பானைக்குள் உப்பு இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தது.

மதுரை இல்லை என்றது. அதைச் சொன்னவர் ஓர் இத்தாலியர்.

1606 நவம்பரில் ராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்தபோது வயது 29. ரோமாபுரியின் பெரிய குடும்பம். கர்தினால் பெல்லார்மின் உறவினர். ஊரில் ஏற்கெனவே ஒரு பாதிரியார் இருந்தார்: கொன்சாலோ பெர்னாண்டஸ், முன்னாள் போர்ச்சேவகர், முதியவர். பத்தாண்டுக்கு மேலாக அங்கே கோயிலும் பள்ளியும் நடத்தியும், கடற்கரையிலிருந்து வந்து போகும் பரதவர்களைத் தவிர, மதுரைக்காரர் என்று பெயர் சொல்லும்படி யாரும் சேரவில்லை. காரணம் ஊருக்கே தெரியும். அவர் பரங்கி. பரங்கி என்றால் மாட்டிறைச்சி தின்பவன், குடிப்பவன், குளிக்காதவன். அவரோடு சேர்ந்தால் நாமும் பரங்கிக் குலம்.

நொபிலி தனி வீடு பார்த்துப் போனார். கறுப்பு அங்கியைக் கழற்றினார், காவி கட்டினார். காலில் மரப் பாதக்குறடு, நெற்றியில் சந்தனம், மார்பில் நூல். பிராமணச் சமையல்காரர். ஒரு வேளை மரக்கறிச் சோறு. தமிழோடு, தெலுங்கும் சமஸ்கிருதமும் கற்றார். முதலில் வந்து சேர்ந்தவர் ஒரு பள்ளி ஆசிரியர்; நாள் கணக்கில் வாதாடிய பிறகு சேர்ந்தார். தான் பரங்கி அல்ல, பரங்கி நாட்டில் பிறக்கவும் இல்லை என்று நொபிலி ஓலையில் எழுதியே அறிவித்தார். தத்துவ போதகர் என்ற பெயர் நிலைத்தது.

அவர் வாதம் இவ்வளவுதான்: குடுமி, பூணூல், சந்தனம், நீராடல் எல்லாம் குலத்தின் அடையாளங்கள், மதத்தின் அடையாளங்கள் அல்ல. ரோமன் ரோமனாகவே கிறிஸ்தவன் ஆனது போல மதுரைக்காரனும் மதுரைக்காரனாகவே ஆகலாம். செசரியாவில் கொர்நேலியுவுக்குக் கிடைத்த சலுகை வைகைக் கரைக்கு ஏன் கிடையாது?

கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் இங்கேதான் எனக்கு நொபிலியோடு வழக்கு. யோப்பாவில் இறங்கிய துப்பட்டி இரண்டு பந்திகளை ஒன்றாக்க வந்தது. மதுரையில் அதே வாதம் ஒரு பந்தியை இரண்டாக்கியது. நொபிலி சக பாதிரியார் பெர்னாண்டசோடு வெளிப்படையாகச் சாப்பிட முடியாது. அவரைப் பார்க்க இரவில் போனார். பரதவக் கிறிஸ்தவர்களுக்கு ஒரு கோயில், நொபிலியின் கிறிஸ்தவர்களுக்கு வேறு கோயில். 1640-இல் ஒடுக்கப்பட்ட சாதியாருக்கென்று பண்டார சாமிகள் என்ற தனி வகைப் பாதிரியார்களையே இயேசு சபை ஏற்படுத்த வேண்டி வந்தது. உயர்சாதியாருக்கு வாசல் திறந்தபோது இன்னொரு வாசல் சாத்தப்பட்டது. சென்ட்ரல் லைன் ஓரம் வாடகை வீடு தேடி, “நான்வெஜ் சாப்பிடுவீங்களா?” என்ற கேள்விக்குப் பதில் சொல்லித் திரும்பியவர்களுக்கு, தட்டைப் பார்த்து மனிதனை அளக்கும் வித்தை தெரியும். அந்த வித்தையைப் பேதுருவிடமிருந்து பறிக்கத்தான் மூன்று முறை துப்பட்டி இறங்கியது.

நொபிலியிடம் பெர்னாண்டஸ் கண்ட குறை இது அல்ல. நூலும் சந்தனமும் சிலை வணக்கத்தின் சின்னங்கள், இவர் கிறிஸ்தவத்தையே கைவிட்டுவிட்டார் என்பது அவர் குற்றச்சாட்டு. 1610-இல் மேலிடத்துக்கு நீளமாக எழுதினார். நொபிலி பதில் எழுதினார். கொடுங்கல்லூர்ப் பேராயர் பிரான்சிஸ்கோ ரோஸ் நொபிலியின் பக்கம் நின்றார். வதந்தி ரோமாபுரி வரை போய், பெல்லார்மினே மனம் நொந்து உறவினருக்குக் கடிதம் எழுதினார். விளக்கம் போன பிறகுதான் சமாதானமானார்.

1619 பிப்ரவரி. நொபிலி காவி உடையிலேயே கோவா சபையின் முன் நின்றார். பேராயர் கிறிஸ்டோவாவ் தெ சா கடுமையாக எதிர்த்தார். கூடியிருந்த குருக்களில் பெரும்பாலோர் அவரோடு. எதிர்பாராத ஒருவர் எழுந்து நொபிலியை ஆதரித்தார். அவர் விசாரணை மன்றத்தைச் சேர்ந்த அல்மெய்டா! முடிவு எட்டவில்லை. இரு தரப்பு ஆவணங்களும் ரோமாபுரிக்குக் கப்பல் ஏறின.

அங்கே 1621 ஜனவரியில், தீர்ப்பு எழுத வேண்டிய பாப்பரசர் ஐந்தாம் பவுல் இறந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் பெல்லார்மினும் இறந்தார். மதுரையின் குடுமி வழக்கு இப்போது நொபிலியை நேரில் அறியாத புதிய பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியின் மேசையில்.

(அடுத்த வாரம்: 1623 ஜனவரி 31)