டைல்ஸ் டிராக்கா, ஏரிக்கரையா? ஜாகிங் தொடங்குறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

புது ஷூ வாங்கியாச்சு. போன்ல ரன்னிங் ஆப் ஏத்தியாச்சு. முதல் நாளே மூச்சு வாங்க 4 கி.மீ. ஓடி, அந்த மேப்பை ஸ்டேட்டஸும் வெச்சாச்சு. மூணாவது வாரம், முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பு ஓரமா சுருக்குன்னு ஒரு வலி. 'சிமென்ட் தரையில ஓடினா அப்படித்தான். முட்டி தேஞ்சுடும், விட்டுடு'ன்னு பக்கத்து வீட்டு அண்ணன் சொல்ல, ஷூ கட்டிலுக்கு அடியில போயிடுது. உங்களுக்கும் இது நடந்திருக்கா? அப்படின்னா தப்பு தரை மேல இல்லை. எதுமேலன்னு பார்க்கலாம்.

எங்கே ஓடலாம்?

'நடப்போம் நலம் பெறுவோம்' என்ற பெயரில், மாவட்டத்துக்கு ஒரு 8 கி.மீ. நடைபாதை என்ற திட்டத்தைத் தமிழக அரசு 2023 நவம்பர் 4-ம் தேதி தொடங்கியது. ஜப்பான் தலைநகர் டோக்கியோவில் இருக்கும் 8 கி.மீ. நடைபாதைதான் இதற்கு முன்மாதிரி. அப்போது மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சராக இருந்த மா.சுப்பிரமணியன், தானே பல மாரத்தான்கள் ஓடியவர்.

கோவைக்காரர்களுக்கு ரேஸ்கோர்ஸ் இருக்கு. மர நிழலில் சுமார் 2.5 கி.மீ. சுற்று. உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் கரைகளிலும் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் நடைபாதை போட்டிருக்காங்க.

சரி, வாலாஜாபாத் பக்கம் தென்னேரி மாதிரி ஊர்ல இருந்தா? டைல்ஸ் பாதை இல்லாம இருக்கலாம். ஆனா, காஞ்சிபுரம் மாவட்டத்தின் பெரிய ஏரிகளில் ஒன்று வாசல்லயே இருக்கு. தறியில உட்கார்ந்து நெசவு பண்றவரோ, ஒரகடம் கம்பெனியில ஷிப்ட் பார்க்கிறவரோ, ஏரிக்கரை எல்லாருக்கும் பொதுதான். மண்பாதை, தார்ச்சாலை, டைல்ஸ் எதுவானாலும் ஓடலாம். ஒவ்வொண்ணுக்கும் ஒரு சூட்சுமம் இருக்கு, அவ்வளவுதான்.

முட்டி தேய்ஞ்சிடுமா?

இந்தப் பயத்துக்கு ஒரு கணக்கு இருக்கு. பல ஆய்வுகளைச் சேர்த்து அலசிய ஒரு கட்டுரை 2017-ல் வெளியானது. இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானம் ஓடாதவர்களில் 10.2 சதவிகிதம் பேருக்கு இருந்தது. உடம்புக்காக அளவாக ஓடுபவர்களில் 3.5 சதவிகிதம்தான். போட்டி அளவில் கடுமையாக ஓடுபவர்களில் மட்டும் 13.3 சதவிகிதம். அதாவது, உங்களை மாதிரி காலையில அரை மணி நேரம் ஓடுறவங்களுக்குத் தேய்மானம் குறைவாகவே காணப்பட்டது.

தரை கடினமா இருந்தா உடம்பும் சும்மா இருக்காது. கடினமான தரையில் காலைக் கொஞ்சம் நெகிழ்வாகவும், மெத்தென்ற தரையில் விறைப்பாகவும் அதுவே மாத்திக்கும். நீங்க யோசிக்கவே வேண்டாம்.

அப்போ வலி ஏன் வருது?

அவசரம்தான் காரணம். ஓட ஆரம்பிச்ச சில வாரங்களிலேயே இதயமும் நுரையீரலும் பழகிடும். மூச்சு வாங்குறது குறைஞ்சதும், 'நாம தேறிட்டோம்'னு தூரத்தைக் கூட்டிடுவோம். ஆனா எலும்பும் தசைநாண்களும் பழக மாதக்கணக்கில் ஆகும். மூச்சு ரெடி, கால் ரெடி இல்லை. இந்த இடைவெளியிலதான் பெரும்பாலானவங்க மாட்டிக்கிறாங்க.

இதுக்கு வழி 1996-லயே வந்தாச்சு. ஓடிப் பழகாதவர்களுக்காக அமெரிக்காவில் ஜோஷ் கிளார்க் என்பவர் 'கவுச் டு 5கே' என்ற 9 வாரத் திட்டத்தை உருவாக்கினார். வாரத்துக்கு 3 நாள்தான். முதல் வாரம் இப்படி:

* 5 நிமிடம் வேகமா நடங்க.
* பிறகு 60 விநாடி மெதுவா ஓடுங்க, 90 விநாடி நடங்க. இதையே மாத்தி மாத்தி 20 நிமிடம்.
* அடுத்த நாள் ஓய்வு. இதைத் தவறவிடாதீங்க. எலும்பு பலமாகிறதே ஓய்வில்தான்.

வேகம் எவ்வளவு? ஆப்பைப் பார்க்க வேண்டாம். ஓடிக்கிட்டே பக்கத்துல இருக்கிற ஃபிரெண்டுகிட்ட முழு வாக்கியம் பேச முடியணும். முடியலைன்னா வேகத்தைக் குறைங்க.

டிராக்கில் கவனிக்க வேண்டியவை

* ஒரே திசையில் சுத்தாதீங்க. வளைவில் ஒரு காலுக்கு மட்டும் சுமை கூடும். ஒருநாள் இடம் சுத்தினா, மறுநாள் வலம் சுத்துங்க. நடக்கிறவங்க கூட்டமா இருந்தா மட்டும் அவங்க போற திசையிலேயே போங்க.
* தார்ச்சாலையின் ஓரம் மழைத்தண்ணி வடிய சரிவா இருக்கும். ஏரிக்கரையும் சில இடங்கள்ல ஒரு பக்கம் சாய்ஞ்சிருக்கும். சமமான இடமாப் பார்த்து ஓடுங்க.
* டைல்ஸ் பெயர்ந்த இடம், மர வேர் தூக்கிய இடம் ரெண்டையும் முதல்நாள் நடந்தே பார்த்துடுங்க. மழை பெஞ்ச மறுநாள் பாசி வழுக்கும்.
* ஒரு காதில் மட்டும் இயர்போன். பின்னாடி வர்ற சைக்கிள் மணி கேட்கணும்.
* ஷூ 500 முதல் 800 கி.மீ. வரைதான் தாங்கும். மேலே புதுசா தெரிஞ்சாலும் அடிப்பாகம் அமுங்கியிருக்கும்.

வெயிலும் புழுக்கமும்

நம்ம ஊர் விடியற்காலையில் வெயில் இல்லைதான். ஆனா காற்றில் ஈரப்பதம் அதிகம், வியர்வை சீக்கிரம் காயாது. உடம்பு சூடு தணிய வியர்வை காயணும். அதனால மே மாசம் உங்க வேகம் குறைஞ்சா கவலைப்படாதீங்க, அது இயல்பு. தலைசுத்தல், குமட்டல், உடம்பு சில்லிடுறது மாதிரி இருந்தா உடனே நிறுத்தி நிழலுக்குப் போங்க, தண்ணீர் குடிங்க.

நாய் துரத்தினா?

ஓட்டத்தை நிறுத்தி மெதுவா நடங்க. கண்ணோடு கண் முறைக்க வேண்டாம். கடிச்சிட்டா, சின்னக் கீறலா இருந்தாலும் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்க. அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. அரசு மருத்துவமனைகளில் ரேபிஸ் தடுப்பூசி இலவசம். மஞ்சள், மிளகாய்த்தூள் எதையும் வைக்காதீங்க.

எந்த வலிக்கு நிறுத்தணும்?

தசை முழுக்க மந்தமா வலிச்சா, ஒன்றிரண்டு நாளில் சரியாகும். எலும்பில் ஒரே இடத்தை விரலால் தொட்டுக் காட்டுற மாதிரி வலிச்சாலோ, சும்மா இருக்கும்போதும் ராத்திரியிலும் வலிச்சாலோ, நொண்ட வெச்சாலோ ஓட்டத்தை நிறுத்திட்டு டாக்டரைப் பாருங்க. எலும்பில் நுண்ணிய விரிசல் இருக்கலாம். ஓடும்போது நெஞ்சு இறுகினா, மயக்கம் வந்தா ஒரு நிமிடம்கூடத் தள்ளிப்போடாதீங்க.

18 வயதுக்கு மேற்பட்டவங்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்றது, வாரத்துக்கு 75 முதல் 150 நிமிடம் வேகமான உடற்பயிற்சி. வாரத்துக்கு மூணு நாள், தலா 25 நிமிடம் ஓடினாலே 75 வந்திடுச்சு. அதுவரைக்கும் பொறுமையா போகலாம். கட்டிலுக்கு அடியில இருக்கிற அந்த ஷூவை எடுத்துத் தூசி தட்டுங்க. நாளைக்குக் காலையில முதல் 60 விநாடி ஓடினா போதும்.