மண்டியிட்ட நாள் - மீண்ட நாள்

பஞ்சாங்கத்தைப் புரட்டுவோர் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு குணம் கற்பிக்கின்றனர். இது நல்ல நாள், அது ஆகாத நாள். இந்த ஒன்றரை மணி இராகுவுக்கு, அந்த ஒன்றரை மணி எமனுக்கு! நாமும் ஒரு நாளை எடுத்துக்கொள்வோம், தோழர்களே - ஜூன் திங்கள் 22. கோள்கள் எங்கே நின்றன என்று பார்க்க அல்ல; அந்த நாளில் மனிதர் மனிதருக்கு என்ன செய்தனர் என்று பார்க்க.

1633. ரோமாபுரி. மினர்வா மாதா கோயிலை ஒட்டிய மடம். கர்தினால்கள் வீற்றிருக்கின்றனர். எதிரே 69 வயது முதியவர் ஒருவர் மண்டியிட்டிருக்கிறார். கொலைகாரரா? கொள்ளைக்காரரா? இல்லை, தொலைநோக்கியை வானத்தின் பக்கம் திருப்பி, வியாழனைச் சுற்றிவரும் நான்கு துணைக்கோள்களை 1610-இல் உலகுக்கு அறிவித்த கலிலியோ! பூமி நிலையாக நிற்கவில்லை, அது சூரியனைச் சுற்றுகிறது என்ற கோபர்னிகசின் கருத்துக்கு ஆக்கம் தேடி 1632-இல் ஒரு நூல் வெளியிட்டார். அதுதான் குற்றம். அந்த நூலைப் புலவர்க்கு மட்டுமே விளங்கும் இலத்தீனிலே எழுதினாரா? இல்லை, கடைவீதியில் நிற்பவனும் படிக்கக்கூடிய இத்தாலிய மொழியிலே எழுதினார். மடத்துக்குள் முணுமுணுக்கப்படும் வரையில் உண்மையைப் பொறுத்துக்கொள்ளும் ஆதிக்கம், அது மக்கள் மொழியிலே நடமாடத் தொடங்கியதும் பதறுகிறது. நமக்கு இது புதிய செய்தியன்று.

வானியல் கணக்கைக் கொண்டு 1582-இல் நாட்காட்டியைத் திருத்தியமைத்ததும் இதே ரோமாபுரிதான் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். பண்டிகை தவறாமல் வருவதற்கு வானியல் வேண்டும். வானியலார் வாய் திறக்கக் கூடாது!

கலிலியோ பணிந்தார். பூமி சுழல்கிறது என்ற கொள்கையை வெறுத்து ஒதுக்குவதாகத் தம் வாயாலேயே படித்தார். எழுந்து நின்றபோது, "ஆயினும் அது அசைகிறதே" என்று முணுமுணுத்தார் என மேடைகளில் சொல்லப்படுவதுண்டு. கேட்க இனிக்கிறது. ஆனால் அவர் காலத்தவர் எவரும் அப்படி எழுதிவைக்கவில்லை. அக்கதை அச்சேறியதே 18-ஆம் நூற்றாண்டில்தான். பகுத்தறிவாளர்க்கு இட்டுக்கட்டிய வீரவசனம் தேவையில்லை. வீட்டுக்காவலில் அடைபட்டு, கண்ணொளியும் மங்கிய நிலையில், அந்தக் கிழவர் இயக்கவியலுக்கு அடித்தளமிட்ட நூலை எழுதி முடித்ததும், அது 1638-இல் ஆலந்து நாட்டின் லைடன் நகரில் அச்சானதும் போதாதா? தீர்ப்பளிக்க அமர்ந்த பதின்மரில் மூவர் அதில் கையெழுத்திடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

அதே ஜூன் 22. ஆண்டு 1772. இடம், இலண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபம்.

இங்கும் ஒரு நீதிமன்றம். இங்கும் ஒரு மனிதன் - ஜேம்ஸ் சோமர்செட். ஆப்பிரிக்காவிலே பிடிக்கப்பட்டு, வர்ஜீனியாவிலே விற்கப்பட்டவன். சார்லஸ் ஸ்டூவர்ட் என்ற சுங்க அதிகாரி அவனை விலைக்கு வாங்கி, 1769-இல் இங்கிலாந்துக்கு அழைத்து வந்தார். 1771 அக்டோபரில் சோமர்செட் வீட்டைவிட்டு வெளியேறினான், திரும்ப மறுத்தான். நவம்பரில் ஆள்பிடிகாரர்கள் அவனை வளைத்து, தேம்ஸ் ஆற்றிலே நின்ற கப்பலுக்குக் கொண்டுபோய் விலங்கிட்டனர். கப்பல் போகும் இடம் ஜமைக்கா. அங்கே அவனை விற்றுவிட வேண்டும் என்பது ஆணை. கரும்புத் தோட்டத்து அடிமையின் ஆயுள் எவ்வளவு குறுகியது என்பதை ஆணையிட்டவர் அறியாதவரல்ல.

அவனுக்கு ஞானஸ்நானத்தின்போது பெயர்ப்பொறுப்பு ஏற்றவர்கள் ஆட்கொணர்வு மனுப் போட்டனர். கிரான்வில் ஷார்ப் துணை நின்றார் - பட்டம் பெற்ற வழக்கறிஞர் அல்லர். அரசு அலுவலகத்தில் எழுத்தர். அடிமைகளுக்காகச் சட்ட நூல்களைத் தாமே கற்றுத் தேர்ந்தவர். கூலி வாங்காமல் வாதாட வழக்கறிஞர்கள் முன்வந்தனர். அவர்களுள் ஹார்கிரேவ் என்ற இளைஞருக்கு அதுவே முதல் வழக்கு. எதிர்ப்பக்கம் வாதாடிய டன்னிங்கோ, சென்ற ஆண்டுதான் வேறொரு வழக்கில் அடிமையின் விடுதலைக்காக முழங்கியவர். வாடகைக்குப் போகும் நாக்கு அப்படித்தான்!

தலைமை நீதிபதி மான்ஸ்பீல்டு பிரபு தீர்ப்புச் சொல்லத் தயங்கினார். நீங்களாகவே அவனை விட்டுவிட்டால் வழக்கு முடிந்துவிடுமே என்று எசமானருக்கு யோசனையும் கூறினார். இங்கிலாந்தில் 14,000 அல்லது 15,000 அடிமைகள் இருக்கக்கூடும், ஆளுக்கு 50 பவுன் என்றால் உடையவர்களுக்கு எவ்வளவு இழப்பு என்று மன்றத்திலேயே கணக்கும் போட்டார். நீதியின் துலாக்கோலில் பவுனும் வைத்து நிறுக்கப்பட்டது. மேற்கிந்தியத் தோட்ட முதலாளிகள் விட்டுக்கொடுக்க மறுத்ததால், தீர்ப்பு வந்தே தீரவேண்டியதாயிற்று. அடிமையை வலுவில் பிடித்து நாடு கடத்தி விற்க இந்நாட்டுச் சட்டத்தில் இடமில்லை. அவன் விடுவிக்கப்பட வேண்டும்! மன்றத்தில் இருந்த கறுப்பு மக்கள் எழுந்து நீதிபதிகளை வணங்கினர். பிறகு ஒருவர் கையை ஒருவர் பற்றிக் குலுக்கினர்.

அன்றோடு அடிமைமுறை ஒழிந்தது என்று சிலர் எழுதுகின்றனர். அதுவும் இட்டுக்கட்டு. அடிமை வாணிகத்தைத் தடுக்க 1807 வரை ஆயிற்று. குடியேற்ற நாடுகளில் அடிமைமுறையை ஒழிக்கும் சட்டம் வர 1833 ஆயிற்று. அப்போதும் 2 கோடி பவுன் இழப்பீடு - அடிமைகளுக்கல்ல, எசமானர்களுக்கு! அதற்காக அரசு வாங்கிய கடனின் மிச்சம் 2015-இல்தான் அடைபட்டது.

1940 ஜூன் 22-இல் பிரான்சு இட்லரிடம் சரணடைந்து கையெழுத்திட்டது. 1918-இல் ஜெர்மனி பணிந்த அதே இரயில் பெட்டியை இழுத்துவரச் செய்து மகிழ்ந்தான் அவன். ஓராண்டு கழித்து, 1941 ஜூன் 22 விடியலில், 30 இலட்சத்துக்கு மேற்பட்ட படையினர் சோவியத் நாட்டின்மீது பாய்ந்தனர். போர் முடிவதற்குள் அந்நாடு ஏறத்தாழ 2 கோடியே 70 இலட்சம் உயிர்களைப் பறிகொடுத்தது.

இட்லரின் ஆட்சியில் படைகளை ஏற்றிச் சென்றது 'மான்ட்டி ரோசா' என்ற கப்பல். நார்வே நாட்டு யூதர்களைக் கொலைக்களத்துக்கு அனுப்பவும் அது பயன்பட்டது. தோற்ற நாட்டிடமிருந்து பிரிட்டன் அதைக் கைப்பற்றி 'எம்பயர் விண்ட்ரஷ்' என்று பெயர் மாற்றியது. 1948 ஜூன் 22-இல் அந்தக் கப்பலிலிருந்து, தேம்ஸ் ஆற்றின் டில்பரி துறையில், கரிபியன் தீவுகளைச் சேர்ந்த நூற்றுக்கணக்கானோர் இறங்கினர். பெரும்பாலோர் ஜமைக்காவினர். எந்தத் தீவுக்கு சோமர்செட்டை விற்க அனுப்ப முயன்றனரோ, அந்தத் தீவின் அடிமைகளுடைய வழிவந்தோர், அதே ஆற்றின் வழியே, அதே தேதியில், குடிமக்களாக வந்திறங்கினர்! போரில் பிரிட்டனுக்காகப் படையில் பணியாற்றியோரும் அவர்களுள் இருந்தனர். அவர்களும் பின்னால் வந்தவர்களும் மருத்துவமனைகளிலும் பேருந்துகளிலும் இரயில்களிலும் உழைத்தனர்.

2018-இல் ஓர் உண்மை வெடித்தது. அப்படிக் குழந்தைகளாக வந்து, அரை நூற்றாண்டு வரி கட்டி வாழ்ந்தவர்களிடம் அரசு சான்றுகளைக் கேட்டது. காட்ட இயலாதோர் வேலையிழந்தனர், மருத்துவம் மறுக்கப்பட்டனர், காவலில் வைக்கப்பட்டனர். எண்பதுக்கு மேற்பட்டோர் தவறாக நாடு கடத்தப்பட்டதாக அரசே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. சோமர்செட்டைக் கப்பலிலிருந்து இறக்கிய நாட்டிலேதான் இது நடந்தது.

அதே 2018-இல், ஆண்டுதோறும் ஜூன் 22 'விண்ட்ரஷ் நாள்' எனக் கொண்டாடப்படும் என்றும் அந்த அரசு அறிவித்தது. இழப்பீடு கோரி விண்ணப்பித்துவிட்டு, அது கைக்கு வருமுன்பே இறந்துபோனவர்கள் உண்டு.