காயத்தின் மின்சாரம்

1843இல் பெர்லினில் எமில் துபுவா-ரேமோன் என்னும் இளம் உடலியலாளர், பல்லாயிரம் சுற்றுக் கம்பியால் தாமே அமைத்த கால்வனோமீட்டரைத் தம் விரலில் சோதித்தார். வெட்டுக்காயத்திலிருந்து மின்னோட்டம் கசிந்தது; இன்றைய கணக்கில் ஏறத்தாழ ஒரு மைக்ரோ ஆம்பியர். அதன் பொருள் துலங்க நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. மின்கச்சை விற்ற போலி மருத்துவர்களால் உடலின் மின்சாரம் என்ற பேச்சே ஆய்வாளருக்குக் கூச்சமாகிப் போயிற்று என்பது என் எண்ணம்.

1976இல் எர்வின் நேயரும் பெர்ட் சாக்மனும் உயிரணுச் சவ்விலுள்ள ஒற்றை அயனி வாய்க்காலின் மின்னோட்டத்தை அளந்தனர். இவ்வாய்க்கால்கள் புரதத்தாலான மதகுகள். விழியின் முகப்பிலுள்ள கார்னியாவின் மேற்படலத்தில் இவை சோடியத்தை உள்நோக்கியும் குளோரைடைக் கண்ணீரின் பக்கமாகவும் செலுத்த, உட்புறம் சில பத்து மில்லிவோல்ட் நேர்மின்னழுத்தம் பெறுகிறது. கீறல் பட்ட இடத்தில் அவ்வழுத்தம் சரிகிறது. சுற்றிலுமிருந்து மின்னோட்டம் காயத்தை நோக்கிப் பாய்கிறது. அத்திசையிலேயே உயிரணுக்கள் ஊர்ந்து சென்று புண்ணை மூடுகின்றன.

2006இல் அபர்தீன் பல்கலைக்கழகத்தின் மின் ஜாவோவும் (பெயரில் ‘மின்’ அமைந்தது தற்செயலே!) உடன் ஆய்வாளர்களும், வளர்ப்புத் தட்டிலிருந்த கார்னிய உயிரணுக்களின்மீது எதிர்த்திசையில் மின்புலம் செலுத்தினர். திறந்த காயம் எதிரிலேயே இருக்க, உயிரணுக்கள் அதைவிட்டு விலகி நகர்ந்தன.