வாவிக்கரையிலிருந்து நோக்கிய இஸ்ரேல்

மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையில், கல்லடிப் பாலத்தைக் கடந்து தெற்கே செல்லும் வழியில், தமிழூரும் முஸ்லிமூரும் மாறி மாறி வரும். நாவற்குடாவை அடுத்துக் காத்தான்குடி. அதனை அடுத்து ஆரையம்பதி. இவ்வாறே கல்முனை வரை. இக்கரையின் தேவாலயங்களிலே ஓதப்படும் சங்கீதங்களில் இஸ்ரவேல் என்னும் பெயர் அடிக்கடி ஒலிக்கும். பள்ளிவாசல்களிலோ பைத்துல் முகத்தஸ், முஸ்லிம்கள் முதன்முதல் முகம் நோக்கித் தொழுத திசையாக நினைவுகூரப்படும். எட்டாத தூரத்திலுள்ள அவ்வூரின் பெயர் வேதநூல்களில் மட்டும் நின்றிருந்தால் வரலாற்றாசிரியனுக்கு இங்கு வேலையில்லை. அது வாக்குப் பெட்டிக்குள்ளும் புகுந்தது. பின்னர்த் துப்பாக்கிப் பயிற்சிக் களத்திலும் புகுந்தது.

இலங்கை இஸ்ரேலை அங்கீகரித்தது 1949 ஆம் ஆண்டில். அக்காலத்தில் இடதுசாரி உலகம் இஸ்ரேலைப் பகைத்திருந்தது என்று எண்ணுதல் பிழை. 1947 இல் பலஸ்தீனப் பிரிவினைக்கு ஐக்கிய நாடுகள் சபையிற் சோவியத் யூனியன் ஆதரவாக வாக்களித்தது. மறு ஆண்டுப் போரில் இஸ்ரேலின் கைக்குச் செக்கோசிலவாக்கியாவிலிருந்து ஆயுதங்கள் சென்றன. புதிய நாட்டை நடத்தியவர்கள் தொழிற் கட்சியினர். நிலமும் கருவியும் விளைச்சலும் பொதுவாயிருந்த ‘கிபுட்சு’ என்னும் கூட்டுப் பண்ணைகள் பல நாட்டுச் சமதர்மிகளாலும் மெச்சப்பட்டன. இலங்கையிலும் பெரும் பகை தோன்றவில்லை. கஜபாகு, மகாசேன என்னும் இலங்கைக் கடற்படைக் கப்பல்கள் இரண்டும், கனடாவிற் கட்டப்பட்டு, இஸ்ரேலியக் கடற்படையிற் பணி செய்து, 1959 இல் அந்நாட்டிலிருந்து வாங்கப்பட்டவையே.

ஆனால், யூதருள்ளே சமயப் பற்று மிக்கவர்கள் இந்த இடதுசாரித் தலைமையை எவ்வாறு நோக்கினர் என்பது பலர் அறியாத செய்தி. அவர்களிற் பெரும் பகுதியினருக்கு அது உவப்பானதன்று. தெய்வத்தின் அபிஷிக்தர் வருமுன் மனித முயற்சியால் அரசு அமைப்பது குற்றம் என்றனர் ஒரு சாரார். சத்மார் என்னும் ஹசிடியக் குழுவினர் இன்றும் அக்கொள்கையினர். வேறு சிலருக்கு இடதுசாரி என்ற சொல்லே அச்சந் தந்தது. அதற்குக் காரணமும் உண்டு. சோவியத் ஆட்சியில் வேதபாடசாலைகள் மூடப்பட்டன. மூடுவதற்கு முன்னின்றவர்கள் கம்யூனிஸ்டுக் கட்சியின் யூதப் பிரிவினர். சபாத் இயக்கத்தின் ஆறாவது குருவான யோசப் இட்சாக் சினியர்சன் 1927 இல் லெனின்கிராட்டிற் சிறைப்பட்டுப் பின்னர் நாடு விட்டு வெளியேறினார். தம் குருவைச் சிறையிலிட்ட கொள்கையை அவருடைய அடியார்கள் எளிதில் மறப்பார்களா?

இவ்விரு சாராருக்கும் நடுவே மூன்றாவது வழியும் இருந்தது. 1935 இற் காலமான ரப்பி ஆபிரகாம் ஐசக் கூக், ஓய்வுநாளைக் கைக்கொள்ளாத உழவனும் தான் அறியாமலே புனிதப் பணி செய்கிறான் என்னுங் கருத்தினர். வேதமும் உழைப்பும் ஒன்றே என்ற கொள்கையோடு சமயக் கூட்டுப் பண்ணைகளும் எழுந்தன. 1947 இல் பென்குரியன் சமயக் கட்சியினருக்கு எழுதிய கடிதத்தில் ஓய்வுநாள், உணவு விதி, திருமணம் ஆகியவற்றைச் சமய வழியே விட்டுவைக்க உறுதி கூறினார். அந்த ஒப்பந்தத்தின் மேலேயே இடதுசாரியும் சமயவாதியும் நெடுங்காலம் ஒரே அரசிற் கூடியிருந்தனர்.

இக்கூட்டிணைவின் அழகிய உருவத்தைக் காணத் தென்னிந்தியாவின் கொச்சிக்குச் சென்றாற் போதும். அங்கு வாழ்ந்த ஏ. பி. சேலம் என்னும் வழக்கறிஞர் ஆசாரமான யூதர், காந்தியடிகளின் வழியைப் பின்பற்றியவர், தொழிலாளரின் நண்பர், இஸ்ரேல் இயக்கத்தின் ஆதரவாளரும் அவரே. விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழித்தோன்றல்கள் என்று ஒதுக்கப்பட்ட தம் குடும்பத்தவருக்குப் பரதேசி ஜெப ஆலயத்திற் சம இடம் வேண்டிச் சத்தியாக்கிரகம் செய்தார். தம் இனத்தார் 1950 களில் இஸ்ரேலுக்குக் குடிபெயரத் துணை நின்ற அவர், தாம் மட்டும் கொச்சியிலேயே வாழ்ந்து 1967 இல் மறைந்தார்.

அதே 1967 ஆம் ஆண்டில்தான் எல்லாம் புரண்டது. ஆறு நாட் போரில் இஸ்ரேல் மேற்குக் கரையையும் காசாவையும் கிழக்கு எருசலேமையும் கைப்பற்றியது. சோவியத் நாடு உறவை முறித்தது. உலக இடதுசாரிகளிற் பலர் அகதியின் பக்கம் திரும்பினர். யூத சமயத்தாருள்ளே பலர் அவ்வெற்றியில் வேதவாக்கின் நிறைவேற்றத்தைக் கண்டனர். ஆயினும், ஆசாரத்திற் சிறிதும் வழுவாத அறிஞர் யெசயாகு லைபோவிட்சு, பிறரை ஆளுதல் ஆளுவோனையே கெடுக்கும் என்று போர் முடிந்தவுடனேயே எச்சரிக்கத் தொடங்கினார். சமயம் என்றால் ஒரே குரல் என்று நினைப்போர் இந்த ஒருவரை நினைவிற் கொள்வது நன்று.

இலங்கைக்கு இம்மாற்றம் 1970 இல் வந்து சேர்ந்தது. ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சி, லங்கா சமசமாஜக் கட்சி, கம்யூனிஸ்டுக் கட்சி ஆகிய மூன்றும் இணைந்த ஐக்கிய முன்னணி அவ்வாண்டு மே மாதத்தில் ஆட்சிக்கு வந்தது; திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்கா பிரதமரானார். இஸ்ரேலுடனான தூதுறவு அவ்வாண்டிலேயே நிறுத்தப்பட்டது. அம்மந்திரிசபையில் இருந்த கம்யூனிஸ்டுத் தலைவர் பீற்றர் கெனமனின் முதல் மனைவி ஹெடி, வியன்னாவிற் பிறந்த யூத மாது என்பதும், 1940 களின் தொடக்கத்தில் அவர் இலங்கையிற் கட்சிப் பணி செய்தார் என்பதும் இங்கே குறிப்பிடத்தக்கன. வரலாறு இத்தகைய முடிச்சுகளைப் போட்டு வைக்கிறது.

வாவிக்கரை முஸ்லிம்களுக்கு அந்த முடிவு மகிழ்ச்சி தந்தது. அம்மகிழ்ச்சியை அரசியலாக்கியவர் கல்வி மந்திரி பதியுத்தீன் மகுமூது. அலிகாரிற் கற்றவர், கம்பளை சாகிராக் கல்லூரியின் அதிபராயிருந்தவர். அவர் நிறுவிய இஸ்லாமிய சோசலிச முன்னணி, ஏழைவரியும் வட்டி விலக்கும் விதித்த மார்க்கத்திற்குச் சமதர்மம் அந்நியமன்று என்னும் நோக்கில் எழுந்தது. நாத்திகர் நிழலில் நம்பிக்கையாளர் ஒதுங்கலாமோ என்ற எதிர்க் கேள்வியும் எழாமல் இல்லை. யூத சமயத்தார் தொழிற் கட்சியை நோக்கி எழுப்பிய அதே கேள்வியே இது. வாதம் ஒன்றுதான், வேதம் மட்டும் வேறு.

இந்த வாதத்திற்கு மட்டக்களப்பு வாக்காளர் 1977 இல் விடை கூறினர். பதியுத்தீன் மகுமூது அவ்வாண்டு இரட்டை அங்கத்தவர் தொகுதியான மட்டக்களப்பிற் போட்டியிட்டுத் தோற்றார். தமிழர் விடுதலைக் கூட்டணியின் செ. இராசதுரையும், ஐக்கிய தேசியக் கட்சியின் பரீத் மீராலெப்பையும் தெரிவாயினர். பலஸ்தீனத்தின் பக்கம் நின்ற அரசின் முஸ்லிம் மந்திரிக்கு முஸ்லிம்கள் நிறைந்த தொகுதியில் ஏன் இக்கதி? பல்கலைக்கழக அனுமதியிற் புகுத்தப்பட்ட தரப்படுத்தலால் தமிழர் அவர்மேற் கொண்ட கசப்பு ஒருபுறம். உணவுத் தட்டுப்பாடும் அரிசிக்கு நின்ற வரிசையும் நாடெங்கும் அவ்வரசை வீழ்த்தியமை மற்றொருபுறம். 1976 இல் புத்தளம் பள்ளிவாசலினுள்ளே பொலிசார் சுட்டு முஸ்லிம்கள் மாண்டமை இன்னும் ஆழமான காயம். எருசலேமின் பள்ளிவாசலுக்காகக் குரல் கொடுத்த அரசின் காலத்தில் உள்ளூர்ப் பள்ளிவாசலிற் குருதி சிந்திற்று. அதனை எந்த வெளிநாட்டுக் கொள்கையாலும் ஈடு செய்ய முடியவில்லை. அதே 1977 இல் இஸ்ரேலிலும் தொழிற் கட்சியின் நீண்ட ஆட்சி முடிந்து மெனாகெம் பெகின் பிரதமரானார். சமயக் கட்சிகள் அவரோடு சேர்ந்தன.

புதிய அரசு 1984 இல் மற்றத் திசையில் நடந்தது. ஜே. ஆர். ஜயவர்த்தனா கொழும்பிலுள்ள அமெரிக்கத் தூதரகத்தில் இஸ்ரேலிய நலன் காக்கும் பிரிவொன்றை அமைக்க இடந் தந்தார். இஸ்ரேலியர் இலங்கைப் படையினருக்குப் பயிற்சியளிக்க வந்தனர். முஸ்லிம்கள் கிழக்கிலும் கொழும்பிலும் எதிர்ப்புக் காட்டினர். தாம் ஆதரித்த கட்சியே தம்மைக் கேளாது இதனைச் செய்தது என்பது அவர்கள் துயரம்.

தமிழர் நிலை வேறு வகையில் மாறிற்று. சிதறிய சிறு இனம் ஒன்று தன் பழைய மொழியை மீண்டும் பேச்சுமொழியாக்கி நாடு கண்டது என்ற வியப்பு, தமிழரிற் படித்தோர் பலரிடம் முன்பு இருந்ததுண்டு. சுற்றிவளைப்பும் சிறைப்பிடிப்பும் நாளாந்த நிகழ்ச்சியான மட்டக்களப்பில், அவற்றைச் செய்வோருக்குப் பயிற்சி தந்தோர் யாரென அறிந்தபின் அவ்வியப்பு நெடுநாள் நிலைக்கவில்லை. ஈழப் புரட்சி அமைப்பின் இளைஞர்களோ அதற்கு முன்னரே, 1970 களில், லெபனானிற் பலஸ்தீன இயக்கத்தாரிடம் பயிற்சி பெற்றிருந்தனர். ஒரே வாவிக்கரையில் முஸ்லிம் சமய உணர்வாலும் தமிழ் இளைஞன் இடதுசாரி உணர்வாலும் பலஸ்தீனத்தின் பக்கம் நின்றனர். அவ்வொற்றுமை அவர்களை ஒருவரோடொருவர் சேர்க்கவில்லை என்பதே வருந்தத்தக்கது. 1985 ஏப்ரிலில் கிழக்கிலே தமிழரும் முஸ்லிம்களும் மோதினர். 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றோர் விடுதலைப் புலிகளாற் கொல்லப்பட்டனர். செப்டெம்பரில் சத்துருக்கொண்டானில் தமிழ்க் கிராமத்தவர் படையினராற் கொல்லப்பட்டனர்.

நலன் காக்கும் பிரிவை 1990 இல் ஜனாதிபதி பிரேமதாச மூடுவித்தார். ஆயினும் போர் வளர ஆயுதத் தேவை வளர்ந்தது. 1996 இல் இஸ்ரேலியக் கிபீர் விமானங்கள் வந்தன. 2000 ஏப்ரிலில் ஆனையிறவு முகாம் வீழ்ந்தது. அடுத்த மாதமே இஸ்ரேலுடன் முழுத் தூதுறவு மீண்டும் ஏற்பட்டது. அப்போது பிரதமர் பதவியில் இருந்தவர், முப்பது ஆண்டுகளுக்கு முன் அவ்வுறவை நிறுத்திய அதே சிறிமாவோ அம்மையார். ஜனாதிபதி அவருடைய மகள் சந்திரிகா. சமசமாஜக் கட்சியும் கம்யூனிஸ்டுக் கட்சியும் அந்த அரசின் பங்காளிகளே. கொள்கை மாறியதா, தேவை மாறியதா என்பதற்கு ஆனையிறவே விடை. இதற்கிடையிலும் 1988 இல் பலஸ்தீன அரசை இலங்கை அங்கீகரித்திருந்தது. 1968 இல் ஏற்படுத்தப்பட்ட, இஸ்ரேலியச் செயல்களை ஆராயும் ஐக்கிய நாடுகள் சிறப்புக் குழுவிற்குத் தலைமை தாங்கியும் வந்தது.

கிழக்குக் கரையோடு யூத சமயம் நேரிற் கலந்தது இவ்வளவுக்கும் பின்னரே. 1961 வரை மட்டக்களப்பு மாவட்டத்தின் பகுதியாயிருந்த பொத்துவிலின் அறுகம் குடாவில், அலைச்சறுக்கு விளையாட வரும் இஸ்ரேலிய இளைஞருக்காக, லெனின்கிராட்டிற் சிறைப்பட்ட அக்குருவின் இயக்கமாகிய சபாத்தினர் இல்லம் ஒன்றை நடத்தலாயினர். பொத்துவில் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர். காசாப் போர் ஓராண்டைத் தாண்டிய 2024 ஒக்டோபரில், அவ்விடத்திற்குத் தாக்குதல் அபாயம் உண்டென அமெரிக்கத் தூதரகம் எச்சரித்தது. அதற்கு முந்திய மாதத்திலேதான் மக்கள் விடுதலை முன்னணியின் தலைவர் அநுர குமார திசாநாயக்க ஜனாதிபதியாகியிருந்தார். மார்க்சிய வழியில் தோன்றிய கட்சி அது. அவருடைய அரசின் பொலிசார், அறுகம் குடாவின் தெருக்களிலே துப்பாக்கியேந்தி, ஹசிடிய யூதரின் தொழுகை இல்லத்திற்குக் காவல் நின்றனர்.