கூவத்தின் மீன் கணக்கு

திருவேற்காட்டை ஒட்டி ஓடும் கூவத்தைச் சாக்கடையாகவே இன்றைய பிள்ளைகள் அறிவர். ஆனால், 1916ஆம் ஆண்டில் பி. சுந்தரராஜ் என்ற அறிஞர் சென்னை வட்டார நன்னீர் மீன்களைக் கணக்கெடுத்து, இந்திய அருங்காட்சியகத்தின் ஆய்விதழில் வெளியிட்டார். விரல் நீளமே உள்ள ஒரு சிறுமீன் அறிவியலுக்கு முதன்முதலாக அறிமுகமானதும் அக்கட்டுரையில்தான்.

மழை வெள்ளத்தில் ஆறும் ஏரியும் வயலும் ஒன்றாகும்போதுதான் விராலும் கெளுத்தியும் ஆழமற்ற புதுநீருக்கு ஏறி முட்டையிடும். 1944இல் பூண்டி நீர்த்தேக்கம் எழுந்தது. 1964இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை வந்தது. நீர் நகரின் தாகத்திற்குத் திரும்பிற்று. வெள்ளவெளியை வீடுகள் நிரப்பின.

பட்டியல் மீனைக் காப்பதில்லை. ஆயினும், இருந்தது இன்னதென்று அறியாதவர், இழந்தது இன்னதென்று வருந்தவும் இயலாது. எஞ்சிய ஏரிகளிலேனும் மீண்டும் கணக்கெடுப்பது நம் கடன் அன்றோ?