நிற்குமிடங்களின் வரலாறு: சஹ்யாத்ரிக் கணவாய்ச் சாலைகளை முன்வைத்துச் சில குறிப்புகள்

மும்பையிலிருந்து காரில் மகாபலேஷ்வர் செல்வோருக்கென எழுதப்பட்ட பயணத் திட்டங்களில் எதை எடுத்துப் பார்த்தாலும் ‘பாயிண்ட்’ என்று முடியும் பெயர்களின் நீண்ட வரிசை ஒன்று இருக்கும். எல்ஃபின்ஸ்டன் பாயிண்ட், லாட்விக் பாயிண்ட், வில்சன் பாயிண்ட், கேட்ஸ் பாயிண்ட், பாம்பே பாயிண்ட். மராத்தி பேசும் வண்டியோட்டியும் தேநீர்க் கடைக்காரரும் இச்சொல்லைத் தம் மொழிச் சொல்லாகவே வழங்குகின்றனர். மலைச்சாலையில் எங்கே வண்டியை நிறுத்த வேண்டும், எதைப் பார்க்க வேண்டும், எவ்வளவு நேரம் பார்க்க வேண்டும் என்பவை இயற்கையே வகுத்துத் தந்தவை போலத் தோன்றுகின்றன. ஆனால் நிற்குமிடங்களுக்கும் வரலாறு உண்டு. அவற்றைத் தேர்ந்தவர்கள், தேர்ந்த நோக்கம், அத்தேர்வில் விடுபட்டவர்கள் ஆகியவற்றை ஆராயாமல் சாலைப் பயணத்தின் வரலாற்றை எழுத முடியாது. சஹ்யாத்ரி மலையின் கணவாய்ச் சாலைகள் இதற்கு நல்ல சான்றுகள். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளின் அடுக்குகளை அங்கே ஒருசேரக் காணலாம்.

1. நீரும் நிழலும் சுங்கமும்

கொங்கணக் கரையையும் தக்காண மேட்டுநிலத்தையும் இணைக்கும் வழிகளை மராத்தியில் ‘காட்’ என்பர். அவற்றுள் மிகப் பழையதாக அறியப்படுவனவற்றுள் ஒன்று நாணேகாட். சோபாரா, கல்யாண் ஆகிய துறைகளிலிருந்து ஜுன்னர் வழியாகப் பைட்டண் நோக்கிச் சென்ற வணிகச் சாத்துகள் இக்கணவாயில்தான் மலையேறின. உச்சியை அடையும் இடத்தில் பாறையைக் குடைந்து அமைத்த குகை ஒன்று உள்ளது. அதன் சுவர்களில் சாதவாகன அரசி நாகனிகாவோடு தொடர்புபடுத்தப்படும் பிராமிக் கல்வெட்டு இருக்கிறது. வேள்விகளையும் அவற்றில் வழங்கிய கொடைகளையும் எண்களோடு பட்டியலிடும் அக்கல்வெட்டு, இந்திய எண்குறிகளின் வரலாற்றை ஆராய்வோருக்கு இன்றியமையாதது. அரச குடும்பத்தினரின் உருவங்களும் அங்கே இருந்தன. இன்று எஞ்சியிருப்பவை பெரும்பாலும் பெயர்ப்பொறிப்புகளே. அருகிலுள்ள பெரிய கல்தொட்டியைச் சுங்கக் காசு இட்ட பாத்திரம் என்று ஊரார் சொல்வர். வழியில் பாறையில் வெட்டிய நீர்த்தொட்டிகளும் உள்ளன.

இந்த நிற்குமிடத்தின் அமைப்பைக் கவனியுங்கள். ஏறி வந்தவனுக்கு நீரும் நிழலும் கிடைத்தன. அரசுக்கு வருவாய் கிடைத்தது. காத்திருப்போரின் கண்முன் அரசகுலத்தின் பெருமை எழுத்தாகவும் உருவமாகவும் நின்றது. மலை விளிம்பிலிருந்து தெரியும் கொங்கணக் காட்சி அன்றும் இருந்தது; ஆயினும் நிற்பதற்கான காரணமாக அது கருதப்பட்டமைக்குச் சான்று இல்லை.

போர்காட் கணவாய்க்கு அருகிலுள்ள கார்லா குகைகள் இதே மரபின் இன்னொரு வடிவம். அங்குள்ள பெரும் சைத்தியத்தின் தூண்களையும் வாயிலையும் ஈந்தவர்களுள் யவனர், நறுமணப் பொருள் வணிகர், தச்சர் எனப் பலரும் உள்ளனர். பலர் தேனுகாகட என்னும் ஊரைச் சேர்ந்தவர்களாகத் தம்மைக் குறித்துள்ளனர். வழிப்போக்கரின் கொடையால் வளர்ந்த தங்குமிடம் அது. கணவாயைக் கடந்தவர்களின் பெயர்களை அவ்விடம் காத்து வைத்திருக்கிறது.

2. ‘பாயிண்ட்’ பிறந்த காலம்

பம்பாய் ஆளுநர் சர் ஜான் மால்கம் போர்காட் வழியே வண்டிச்சாலையை 1830-இல் திறந்து வைத்தார். அதற்குச் சற்று முன்னரே மகாபலேஷ்வரில் அவர் கவனம் பதிந்திருந்தது. சாதாராவில் படைப்பொறுப்பில் இருந்த லாட்விக் 1824-இல் அம்மலையில் ஏறினார். 1829-இல் சாதாரா அரசர் பிரதாப்சிங்குடன் செய்த உடன்படிக்கையால் அவ்விடம் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. மாற்றாக வாயி பகுதியிலிருந்த கண்டாளா என்னும் ஊர் அரசருக்குத் தரப்பட்டது. மால்கம் பேட் என்ற பெயரில் உடல்நலம் தேறுவதற்கான மலைவாழிடம் உருவாயிற்று. பத்தே ஆண்டுகளில், 1839-இல், பிரதாப்சிங் அரியணையிலிருந்து இறக்கப்பட்டார்.

காட்சிமுனைகள் பெயர் பெற்றது இக்குடியேற்றத்திற்குப் பின்னரே. மால்கமின் மகள் பெயரால் கேட்ஸ் பாயிண்ட் அமைந்தது. அப்பகுதியின் மிக உயர்ந்த இடமான சிந்தோளா மேடு, 1920-களில் ஆளுநராக இருந்த லெஸ்லி வில்சனின் பெயரைப் பெற்றது. போர்காட் அருகே, படமெடுத்த நாகத்தைப் போலிருந்ததால் ‘நாகபணி’ என்று மக்கள் அழைத்த பாறை, வெலிங்டன் கோமகனின் மூக்கை நினைவூட்டியதால் ‘ட்யூக்ஸ் நோஸ்’ ஆயிற்று. ஒரே பாறையில் ஒருவர் நாகத்தைக் கண்டார். இன்னொருவர் படைத்தலைவரின் மூக்கைக் கண்டார். பின்னதே சுற்றுலாக் கையேடுகளில் முதன்மை பெற்றது.

பழைய மகாபலேஷ்வருக்கு வேறொரு நிற்கும் மரபு இருந்தது, இன்றும் இருக்கிறது. அங்குள்ள பஞ்சகங்கைக் கோயிலில் கிருஷ்ணா, கோய்னா, வேண்ணா, சாவித்திரி, காயத்திரி ஆகிய ஐந்து ஆறுகளின் தோற்றத்தை வணங்குவர். யாத்திரிகர் குனிந்து நீரைத் தொடுகிறார். பாயிண்டில் நிற்பவரோ நிமிர்ந்து தொலைவைப் பார்க்கிறார். முன்னவருக்கு மலை ஆறுகளின் தாய். பின்னவருக்கு அது ஒரு மேடை. இவ்விரு பார்வைகளும் ஒரே மலையில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அருகருகே வாழ்ந்து வருகின்றன.

இக்காட்சிமுனைகளை வாழவைத்த உழைப்பையும் மறத்தலாகாது. மகாபலேஷ்வர்ச் சிறையில் 1830-களிலிருந்து 1860-கள் வரை சீன, மலாய்க் கைதிகள் அடைக்கப்பட்டிருந்தனர். ஆங்கிலேயர் உணவு மேசைக்கான காய்கறித் தோட்டங்களை வளர்த்தவர்களுள் அவர்களும் உண்டு. ஸ்ட்ராபெர்ரித் தோட்டத்தில் இறங்கிப் படமெடுத்துக்கொள்ளும் பயணி, கடல் கடந்து கொண்டுவரப்பட்ட அக்கைதிகளைப் பற்றி அங்கே எந்தப் பலகையிலும் படித்திருக்க வாய்ப்பில்லை.

3. பருவம் தலைகீழானது

ஆங்கிலேயருக்கு மகாபலேஷ்வர் மழைக்காலத்தில் வாழத்தகாத இடம். ஆண்டுக்கு ஏறத்தாழ 6000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊர் அது. எனவே பம்பாய் அரசு கோடையை மகாபலேஷ்வரிலும் மழைக்காலத்தைப் புனேயிலும் கழித்தது. மழை தொடங்குமுன் வீடுகளைப் புல் வேய்ந்து மூடிவிட்டு இறங்கிவிடுவர்.

இன்று மும்பை, புனே நகரத்தார் மழைக்காக மலையேறுகின்றனர். சாலையோர அருவியில் நனைவதும் மேகத்திற்குள் வண்டி ஓட்டுவதும் ஜூலை மாத விடுமுறையின் நோக்கமாகிவிட்டன. 2002-இல் முழுமையாகத் திறக்கப்பட்ட 94.5 கிலோமீட்டர் மும்பை–புனே விரைவுச்சாலை இம்மாற்றத்தை விரைவுபடுத்தியது. அச்சாலையில் விரும்பிய இடத்தில் வண்டியை நிறுத்தக் கூடாது. நிற்பதற்கென்று அமைந்தவை உணவு வளாகங்களே. சுங்கம் உண்டு, நிழல் உண்டு, விலைக்கு நீரும் உண்டு. நாணேகாட்டின் கூறுகள் யாவும் திரும்பிவந்துள்ளன. கொடையாளரின் பெயர் பொறித்த தூண்கள் மட்டும் இல்லை.

மால்கம் காலத்துச் சாலையின் நினைவாக எஞ்சியிருந்த 1830-ஆம் ஆண்டுப் பாலம், 2020 ஏப்ரலில், ஊரடங்கு வேளையில் இடிக்கப்பட்டது. அதில் இருந்த தைல விளம்பரத்தால் மக்கள் அதை ‘அம்ருதாஞ்சன் பாலம்’ என்றே அழைத்தனர். அந்நிறுவனம் 1893-இல் பம்பாயில் நாகேஸ்வர ராவால் தொடங்கப்பட்டுப் பின்னர் சென்னைக்கு இடம்பெயர்ந்தது என்பதைத் தமிழ் வாசகர்கள் அறிவர். ஆளுநர் பெயரை மறந்து தலைவலித் தைலத்தின் பெயரை மக்கள் சூட்டிய அரிய நிற்குமிடம் அது.

4. காட்சிக்குக் கீழே இருப்பவர்கள்

மலை விளிம்பில் நின்று நாம் பார்க்கும் ‘பள்ளத்தாக்கு’ மக்கள் வாழும் நிலம். 2021 ஜூலை 22 அன்று மஹாட் வட்டத்தின் தளியே கிராமத்தில் மலைச்சரிவு வீழ்ந்து 80-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2023 ஜூலை 19 இரவு இர்ஷால்கட் கோட்டையின் அடிவாரத்திலிருந்த இர்ஷால்வாடி புதையுண்டது. 27 உடல்கள் மீட்கப்பட்டன. 57 பேரைக் காணவில்லை. தாக்கர் பழங்குடியினர் வாழ்ந்த சிற்றூர் அது. மலையேற்றக்காரர்களுக்கு இர்ஷால்கட் நன்கு தெரிந்த இடம். நாட்டின் முதல் ஆறுவழி விரைவுச்சாலை செல்வதும் இதே வட்டாரத்தில்தான். ஆனால் இர்ஷால்வாடிக்கு வண்டிச்சாலை இல்லை. மீட்புப் பணியாளர்கள் நடந்தே ஏறவேண்டியிருந்தது. அருகிருந்த காட்சிக்கெல்லாம் சாலை வந்தது, வாழ்ந்தவர்களுக்கு வரவில்லை. மழைக்காலப் பயணத்தின் அழகியலைப் பேசும்போது இந்த வேறுபாட்டையும் சேர்த்தே பேச வேண்டும்.

சாலையை விலக்கிய மாதேரானின் கதையும் எளிதன்று. தாணே மாவட்ட ஆட்சியர் மாலட் 1850-இல் ‘கண்டறிந்த’ இம்மலையில் அதற்கு முன்பே மக்கள் நடமாடி வந்தனர். மோட்டார் வண்டிகளுக்குத் தடை விதித்த ஊர் என்பதே இன்று அதன் பெருமை. 2003-இல் அது சூழலுணர்திறன் மண்டலமாக அறிவிக்கப்பட்டது. எனினும் அங்கு வண்டியின் இடத்தில் குதிரைகளும், மனிதர் இழுக்கும் ரிக்‌ஷாக்களும் இருந்தன. மனிதரை மனிதர் இழுக்கும் இவ்வழக்கத்தை ஆறு மாதங்களுக்குள் நிறுத்துமாறு 2025-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. புகையில்லாத காட்சியின் சுமையை யார் தோள் தாங்கியது என்ற கேள்வியை அவ்வாணை பொதுவெளியில் வைத்தது. சூழலைக் காப்பதும் உழைப்பவரின் மாண்பைக் காப்பதும் ஒரே வினாவின் இரு பகுதிகள் என்பதை மாதேரான் உணர்த்துகிறது.

5. பயணத்தைத் திட்டமிடுவோர்க்கு

இவற்றையெல்லாம் கருதி மலைப்பயணத்தையே கைவிட வேண்டும் என்பது என் கருத்தன்று. நிற்குமிடங்களை வேறு வரிசையில் அமைத்துப் பார்க்கலாம். நான்கு நாள்கள் கிடைத்தால் ஜுன்னரில் தங்கி நாணேகாட்டைப் பார்த்துவிட்டு, மறுநாள் கார்லாவின் கல்வெட்டுகளைத் தூண் தூணாகப் படிக்கலாம். மூன்றாம் நாள் வாயி வழியே மேலேறி, பாயிண்டுகளுக்கு முன்னதாகப் பஞ்சகங்கைக்குச் செல்லலாம். நான்காம் நாள் சாதாராவுக்கு இறங்கிக் காஸ் மேட்டுநிலத்தைக் காணலாம். 2012-இல் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்ட மேற்குத் தொடர்ச்சி மலைப்பகுதிகளுள் காஸும் ஒன்று. மழை தணியும் ஆகஸ்ட் பிற்பகுதி முதல் அக்டோபர் தொடக்கம் வரை அங்கே பூக்காலம். செந்நிற லேட்டரைட் பாறைமேல் மெல்லிய மண்ணே இருப்பதால், ஒரு காலடி கூடச் செடிகளை அழிக்கும். அதனால்தான் வருகையாளர் எண்ணிக்கைக்கு வரம்பும் முன்பதிவும் உள்ளன. நம் குறிஞ்சியின் உறவான கார்வி, சஹ்யாத்ரியில் 8 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கிறது. குறிஞ்சி அறிந்த தமிழருக்கு அது அயல் பூவன்று.

ஜூலையின் கடும் மழை நாள்களில் காட் சாலைகளைத் தவிர்ப்பது நல்லது. நம் பாதுகாப்பு ஒரு காரணம். சரிவு நேரும்போது மீட்பு வண்டிகளுக்கு வழி வேண்டும் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

ஆய்வு மாணவர்களுக்கும் இங்கே பணி நிறைய இருக்கிறது. காட்சிமுனைகளின் பழைய மராத்திப் பெயர்களைத் தொகுத்தல், காட் சாலைகளின் சுங்க ஆவணங்களைப் படித்தல், பயணியர் விடுதிகளில் பணிபுரிந்தோரின் குடும்ப நினைவுகளைப் பதிதல் ஆகியவை தனித்தனி ஆய்வேடுகளுக்கு உரியவை. மகாபலேஷ்வர்–பாஞ்ச்கணிப் பகுதி 2001 முதல் சூழலுணர்திறன் மண்டலமாக உள்ளது. அதற்குத் தெற்கே 200-க்கும் மேற்பட்ட கிராமங்களை உள்ளடக்கிப் ‘புதிய மகாபலேஷ்வர்’ ஒன்றை உருவாக்கும் திட்டம் இப்போது பேசப்படுகிறது. அங்கே புதிய பாயிண்டுகள் தோன்றும். அவற்றுக்குப் பெயர்களும் சூட்டப்படும். அந்த மேடுகளுக்கும் ஊற்றுகளுக்கும் இன்று அங்கு வாழ்வோர் வழங்கும் பெயர்களை அதற்கு முன்பே எழுதி வைத்துவிட வேண்டும்.